பானைக்குள் இருந்த பாஸ்

திருவல்லிக்கேணி மேன்ஷனில் எங்கள் அறை பத்தடிக்கு எட்டடி. இரண்டு இரும்புக் கட்டில், இடையில் ஒரு ஸ்டூல், ஆணியில் தொங்கும் சட்டைகள். 1989-இல் அந்த அறைக்குள் இரண்டு மண்பானைகள் வந்து சேர்ந்தன. தண்ணீர் ஊற்றி வைக்க அல்ல. ஒவ்வொன்றின் வாயிலும் ஆறங்குல ஸ்பீக்கரை மல்லாக்கப் பதித்து, காற்று கசியாமல் ஓரத்தில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி ஒட்டியிருந்தோம். அடியில் பிரிமணை. ஒயர் போவதற்குத் துளை போட்டபோது முதல் இரண்டு பானைகள் விரிசல் விட்டன. மூன்றாவதும் நான்காவதும்தான் நின்றன. ஸ்டீரியோ என்றால் இரண்டு வேண்டுமே!

பானையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்கத்துச் சத்தமும் பின்பக்கத்துச் சத்தமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தனியாக மேசையில் கிடக்கும் ஸ்பீக்கரில் இரண்டும் சுற்றிவந்து கலந்து, தாழ்ந்த சுரங்கள் அடித்துக்கொண்டு போய்விடும். தவில் அடித்தால் தகர டப்பாவைத் தட்டியதுபோலக் கேட்கும். பின்பக்கத்துச் சத்தத்தை எதற்குள்ளாவது அடைத்துவிட்டால் பாஸ் வந்துவிடும். தச்சரிடம் போய்ப் பலகைப் பெட்டி செய்யக் காசில்லாதவன் குயவரிடம் போனான், அவ்வளவுதான். உருண்டையான சுட்ட மண் சுவர் மட்டமான பிளைவுட்டைப் போல அதிராது. குறையும் உண்டு: பானைக்கென்று ஒரு சொந்தச் சுருதி இருந்தது, எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்த ஒரு சுரத்தில் மட்டும் 'பும்' என்று கூடுதலாக முழங்கும். இளையராஜாவின் பாஸ் கிடார் அந்தச் சுரத்தைத் தொடும் நேரத்துக்காகக் காத்திருந்து நாங்கள் தலையாட்டியது தனிக்கதை.

பானைக்கு உயிர் கொடுக்க ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அதற்கு மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். நரசிங்கபுரம் தெரு முனையில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து செட் கட்டித் தரும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஈய வாசனையும் பீடி வாசனையும் கலந்த இடம்.

"ரூம் எவ்வளவு பெரிசு தம்பி?"

"பத்துக்கு எட்டுண்ணே."

"அப்ப 4440 போதும். 3055 ட்ரான்சிஸ்டர் போட்டுக் கட்டினா கல்யாண வீட்டுக்குத்தான் ஆகும், ஒன் ரூமுக்கு எதுக்கு?"

4440 என்பது ஜப்பானின் சான்யோ செய்த எல்ஏ4440 என்ற ஐசி. கார் ஸ்டீரியோவுக்காகப் பிறந்தது. ஒரு சானலுக்கு 6 வாட்ஸ், இரண்டு சானலுக்கும் சேர்த்து ஒரே சில்லு. தமிழ்நாட்டில் டீக்கடை, சலூன், டவுன் பஸ், மினி பஸ் என்று அது பாடாத இடமில்லை. அண்ணன் அதை அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பசை தடவித் திருகினார். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு டையோடு, 4700 எம்எஃப்டி கண்டன்சர், முன்பக்கம் வால்யூம், பாஸ், ட்ரெபிள் குமிழ்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

பிளக்கில் நேராகச் சொருகாமல் முதலில் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. மேசை ஓரத்தில் ஹோல்டரில் 60 வாட்ஸ் குண்டு பல்ப் ஒன்று இருந்தது. கரண்ட் அந்த பல்பின் வழியாகத்தான் செட்டுக்குள் போகும். சீரீஸ் லாம்ப். ஸ்விட்சைப் போட்டார். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, உடனே மங்கி, சிவந்த இழையாகி அடங்கியது. "கண்டன்சர் குடிச்சிருச்சு, வயிறு ரொம்பிருச்சு. இனி பயமில்ல" என்றார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். செட் புகையாது, பல்ப் எரியும். பத்து ரூபாய்க்குள் முடிந்துபோன அந்தக் காப்பீட்டை இன்றைக்கும் மிஞ்ச ஆளில்லை.

மேன்ஷன் மேனேஜருக்கு அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் ஜன்மப் பகை. டிரான்ஸ்ஃபார்மரின் கனத்தைப் பார்த்தவுடன் கேட்டார்: "இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" ஒரு ட்யூப்லைட் அளவுகூட இழுக்காது சார் என்றோம். உண்மைதான். அன்று இரவே பக்கத்து அறைக்காரர்களிடம் "நாப்பது வாட்ஸ் செட்" என்று சொல்லிக்கொண்டோம். மீட்டருக்கு ஒரு வாட்ஸ், பெருமைக்கு ஒரு வாட்ஸ். சில வருஷம் கழித்து டூ-இன்-ஒன் விற்றவர்கள் இதையே தொழிலாகச் செய்தார்கள். பெட்டியின் முன்னால் பிஎம்பிஓ என்ற பெயரில் நாலு இலக்க எண் மின்னும். பின்னால் திருப்பினால் சின்னத் தகட்டில் மின்செலவு 30, 40 வாட்ஸ் என்றிருக்கும். நாற்பது வாங்கி ஆயிரம் கொடுக்கும் இயந்திரம் என்றால் மின்வாரியமே வாங்கிப் போட்டிருக்குமே என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் காலத்துக் கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேன்ஷனின் அத்தனை அறையிலும் விளக்கு போட்டதும் பல்ப் மஞ்சளாகிவிடும். ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றும். வோல்டேஜ் இறங்கும்போது ஆம்ப்ளிஃபையர் கொடுக்கக்கூடிய உச்சமும் இறங்கும். ஐசி-க்குள் வரும் டிசி எவ்வளவோ அதற்குள்தான் அலை ஏறி இறங்க முடியும். அதைத் தாண்டச் சொன்னால் அலையின் தலை சீவப்பட்டுவிடும். கோரஸில் கரகரப்பு வந்தால் பாடகர்களின் தொண்டையைக் குறை சொன்னோம். மழுங்கிய அந்த அலையில் மேல்சுரச் சக்தி அதிகம், அது நேராக உயர்ந்த சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போகும். ஒரு தீபாவளி இரவில் குமிழை முழுக்கத் திருகி வைத்திருந்தோம். காலையில் வலது பக்கத்து ட்வீட்டர் பேச மறுத்தது. கம்மி வாட்ஸ் செட்தானே, ஸ்பீக்கரை என்ன செய்துவிடும் என்று நினைத்த காலம். சின்ன செட்டைக் கதறவிடுவதுதான் ஆபத்து என்று ரிச்சி தெரு அண்ணன் சொல்லி, இன்னொரு ட்வீட்டருக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷங்களில் சத்தத்துக்கு எல்லை போட்டது செட். பக்கத்துச் சுவரை யாராவது தட்டினால், குறை என்று அர்த்தமில்லை. கொஞ்சம் ஏத்து, இங்க சரியாக் கேக்கல என்று அர்த்தம். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்த கேசட் ஒன்று எங்களிடம் ஓடினால் மூன்று அறைகள் கேட்டன. ஐந்தாவது பாட்டுக்கு அப்புறம் என்ன பாட்டு என்று மூன்று அறைக்காரர்களுக்கும் மனப்பாடம்.

பர்மா பஜாரிலிருந்தும் துபாயிலிருந்து திரும்பிய சித்தப்பாக்கள் மூலமும் வந்த 'ஃபாரின் செட்' வேறு உலகம். ஆனால் அந்த உலகத்திலும் சின்ன அறைப் பிரச்சினை இருந்திருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1978-இல் வந்த நாட் 3020 என்ற ஆம்ப்ளிஃபையர் காகிதத்தில் வெறும் 20 வாட்ஸ். எண்ணைப் பார்த்தால் ஏமாந்து போவோம், காதால் கேட்டால் விலைக்கு மீறின பெட்டி. திடீரென்று வரும் முழக்கத்துக்குச் சில நொடிப்பொழுது தன் எண்ணைத் தாண்டிக் கொடுக்கும். அதையும் தாண்டினால் அலையின் தலையைச் சீவாமல் மெல்ல வளைத்துவிடும் ஏற்பாடும் அதில் இருந்தது. பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஓரடி உயரம்தான். வேனுக்குள் உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்தது, உலகத்துச் சின்ன அறைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது சோம்பேறி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 82, 83 டெசிபல்தான் தரும்.

இந்த எண்ணை ஸ்பீக்கரின் மைலேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட் வாங்குகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் வாட்ஸ் கேட்பார்கள், மைலேஜ் கேட்க மாட்டார்கள். சத்தம் 3 டெசிபல் கூடுவதற்கு வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றுவதற்குப் பத்து டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஐம்பது வாட்ஸ் செட்டை விற்றுவிட்டு நூறு வாட்ஸ் வாங்கியவருக்குக் கிடைப்பது வெறும் மூன்று டெசிபல். மைலேஜ் 83-லிருந்து 89-க்குப் போனாலோ நான்கு மடங்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கிய மாதிரி.

இப்போது மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி. ஹால் பதினாறுக்குப் பதினொன்று. மகள் வேலைக்குப் போன இரண்டாம் மாதம் எனக்கு ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கித் தந்தாள். 86 டெசிபல், 8 ஓம். எண்ணைப் பார்த்ததும் பழைய நோய் திரும்பிவிட்டது. காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் ஏழடி. தூரத்தால் போகிற நாலைந்து டெசிபலை இரண்டாவது ஸ்பீக்கர் கூட்டுகிற மூன்றில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆளுக்கு ஒரு வாட் போனால் சோபாவில் சுமார் 84. அபார்ட்மென்ட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும் சராசரி 72 என்று வைத்தால், பன்னிரண்டு டெசிபல் குறைவு. ஒரு வாட்டில் பதினாறில் ஒரு பங்கு! மிருதங்கத்தின் சாப்பு சராசரிக்கு மேலே இருபது டெசிபல் துள்ளினாலும் ஆறேழு வாட்ஸ். ஆக, மாடிப்படி அண்ணன் 1989-இல் சொன்ன கணக்கு அச்சு அசலாகச் சரி. ஏறத்தாழ எல்லா நேரமும் நாம் முதல் வாட்டுக்குள்ளேதான் குடியிருக்கிறோம். மீதியெல்லாம் தீபாவளி போனஸ்.

"இதுக்கு ஒரு ஆம்ப் வேணும்ல, நானே ஆர்டர் பண்ணிட்டேன்ப்பா" என்று மகள் நீட்டியது சீட்டுக்கட்டு இரண்டைச் சேர்த்துவைத்த அளவு. உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சில்லு. டப்பாவில் 50+50 வாட்ஸ் என்று போட்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைக் காணோம். லேப்டாப் சார்ஜர் போல ஓர் அடாப்டர். ஒரு மணி நேரம் ஓடியபின் தொட்டுப் பார்த்தேன். கைக்குழந்தையின் நெற்றி அளவுக்குக்கூடச் சூடில்லை.

பழைய 4440 வாங்கிய மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாகக் கரைத்துவிடும். ட்ரான்சிஸ்டர் பாதி திறந்த குழாயைப் போல எப்போதும் ஒழுகிக்கொண்டு நிற்கும். புதியது கிளாஸ்-டி. இதில் ட்ரான்சிஸ்டர் முழுக்கத் திறக்கும் அல்லது முழுக்க மூடும். நொடிக்குச் சில லட்சம் தடவை இப்படித் திறந்து மூடி, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்ற விகிதத்தில் பாட்டை ஒளித்து வைத்திருக்கும். கடைசியில் ஒரு காயிலும் கண்டன்சரும் அந்தப் படபடப்பை வடிகட்டிப் பாட்டை மட்டும் வெளியே விடும். வாங்கிய கரண்டில் தொண்ணூறு சதவீதம்வரை ஸ்பீக்கருக்கே போகிறது.

ஆனால் டப்பாவில் போட்ட 50 என்ற எண்ணில் பிஎம்பிஓ-வின் பேரப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். சில்லு செய்த கம்பெனி அந்த எண்ணை நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறது: 21 வோல்ட், 4 ஓம், பத்து சதவீதச் சிதைவு. விற்கிறவர் நிபந்தனையைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் ஒட்டுகிறார். கூடவே 12 வோல்ட் அடாப்டர் ஒன்றைப் போட்டு அனுப்புகிறார். எனக்கு வந்ததும் அதுதான். இந்த வகை சில்லால் அடாப்டரின் வோல்டேஜுக்கு மேல் ஸ்பீக்கரைத் தள்ள முடியாது. 12-ஐ 12-ஆல் பெருக்கி, 8 ஓமின் இரட்டிப்பான 16-ஆல் வகுத்தால் 9 வாட்ஸ். அதே டப்பாவுக்கு 24 வோல்ட் அடாப்டர் போட்டால் 36. வோல்டேஜ் இரண்டு மடங்கு, வாட்ஸ் நான்கு மடங்கு. செட்டைப் பற்றி வாரக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அடாப்டரை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் தூக்கி, கனத்தைப் பார்த்து விலை பேசினோம். அடாப்டருக்குக் கனம் கிடையாது, அதனால் மரியாதையும் கிடையாது போலிருக்கிறது. நான் 24 வோல்ட், 5 ஆம்பியர் ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டேன். ஸ்பீக்கர் ஒயருக்கு மட்டும் சாதாரணச் செம்பு ஒயர். அடிக்கு ஆயிரக்கணக்கில் விற்கும் ஒயர்களும் இருக்கின்றன. மின்சாரத்துக்கு விலைச்சீட்டு படிக்கத் தெரியாது என்பது என் கட்சி.

நடுவில் ஹோம் தியேட்டர் காலம் ஒன்று வந்துபோனது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர், ஹால் முழுக்க ஒயர். 2012 மின்வெட்டில் அது இன்வெர்ட்டரில் ஓடும்போது தேனீக் கூடு போல இரைந்ததைத் தவிர வேறு எதுவும் நினைவில்லை. மலிவு இன்வெர்ட்டர் தரும் சதுர அலை டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகாது. அந்த செட்டை எடைக்குப் போட்டோம். ரிமோட்டில் அணைத்தாலும் முழுக்கத் தூங்காத வகையறா அது. சும்மா இருக்கும்போது முப்பது வாட்ஸ் தின்கிற பெட்டி ஒன்றை இரவும் பகலும் விட்டுவைத்தால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் ஆகிறது. 2016-இல் அரசு அறிவித்த இலவச நூறு யூனிட்டில் கிட்டத்தட்டப் பாதியை ஒரு பாட்டுக்கூடப் பாடாமல் சாப்பிட்டிருக்கும்.

புதிய செட் வந்த ஒன்பதாம் நாள் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தார். கோபமில்லை. "சார், பாட்டு நல்லாத்தான் போடுவீங்க. ஆனா எங்க வீட்டுக்குப் பாட்டே வரமாட்டேங்குது. டொம் டொம்னு மத்தளம் மட்டும்தான் வருது."

அவர் சொன்னதைவிடச் சுருக்கமாக ஒலியியலைச் சொல்ல முடியாது. காங்கிரீட் தளம் குரலையும் வயலினையும் தடுத்துவிடும். நீண்ட அலையான பாஸ் அதை ஆட்டிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். தனியாக அடாப்டர் வாங்கிக் கூட்டிய வாட்ஸ் எல்லாம் அவர் வீட்டுக் கூரையில் மத்தளமாக மாறிக்கொண்டிருந்தது. அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் ஏற்கெனவே ஒருவர் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளைப் போட்டிருந்தார். குடியிருப்பு வட்டாரத்துக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. இன்றைக்கு சத்தத்துக்கு எல்லை போடுவது செட் இல்லை, சுவரும் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்களும்.

மூலையில் இருந்த ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் இழுத்தேன். சுவரோரம் இருந்தால் பாஸ் தானாகப் பெருகும், மூலையில் இன்னும் பெருகும். ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பர் கட்டை. பின்பக்கத்துக் காற்றுத் துளைகளில் ஆளுக்கொரு பழைய சாக்ஸ். இதைப் பார்த்துத்தான் மகள் அதிகம் சிரித்தாள். பானையைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாளோ. மறுநாள் கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "இப்ப ஒண்ணும் வரல சார்" என்றார். குரலில் லேசான ஏமாற்றம் இருந்ததாக நானாக நினைத்துக்கொள்கிறேன்.

பாஸ் போனதில் எனக்கும் ஏமாற்றம்தான். இரவு ஒன்பதரைக்கு மேல் சத்தத்தைக் குறைத்தால் பாட்டு இளைத்துவிடுகிறது. குற்றம் ஸ்பீக்கருடையது அல்ல, காதுடையது. சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாகக் கேட்காமல் போகும் என்று பெல் ஆய்வகத்து ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். பழைய செட்களில் அதற்காகவே 'லவுட்னெஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால், குறைந்த சத்தத்திலும் பாஸைத் தூக்கிக் கொடுக்கும். சத்தமாகக் கேட்கிற காலத்தில் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மெதுவாகக் கேட்க வேண்டிய இந்தக் காலத்தில், சுத்தமான ஒலி என்ற பெயரில் பல டப்பாக்களில் அதை எடுத்துவிட்டார்கள். பாஸ், ட்ரெபிள் குமிழ்கூட இல்லாத ஆம்ப்ளிஃபையரை 'ப்யூர்' என்று விற்கிறார்கள். என் டப்பாவிலும் ஒரே ஒரு குமிழ்தான்.

அப்போதுதான் பரணில் கிடந்த 4440 நினைவுக்கு வந்தது. பானைகள் வீடு மாறியபோது உடைந்துவிட்டன, செட் மட்டும் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. அதில் பாஸ் குமிழ் உண்டு. ஆனால் எத்தனையோ வருஷம் கரண்டைப் பார்க்காத பெட்டியை நேராகச் சொருகக்கூடாது. சீரீஸ் லாம்ப் கட்டலாமென்று பார்த்தால் வீட்டில் இருப்பதெல்லாம் எல்இடி. அது இந்த வேலைக்கு ஆகாது, இழை இருக்கிற குண்டு பல்ப்தான் வேண்டும். தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் கேட்டேன். கடைப்பையன் என்னை ஏதோ மண்ணெண்ணெய் விளக்கு கேட்டவனைப் போலப் பார்த்தான்.

ரிச்சி தெருவுக்கே போனேன். மாடிப்படிக்கு அடியில் இப்போது சிசிடிவி கேமரா, மொபைல் உதிரிப்பாகம். அண்ணன் இல்லை. அவர் மகன் கல்லாவில். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து, ஹோல்டரும் ஒயருமாக அப்படியே எடுத்து வைத்தார். தூசி படிந்த 60 வாட்ஸ் குண்டு பல்ப்.

"அப்பாவோடது அங்கிள். வேலை முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துருங்க. ஒண்ணுதான் இருக்கு."

இரவு ஹால் தரையில் உட்கார்ந்து இணைத்தேன். மகள் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்விட்சைப் போட்டேன். பல்ப் பளிச்சென்று எரிந்தது, எங்கள் இருவர் நிழலும் சுவரில் பெரிதாக விழுந்தது. பிறகு மங்கி, சிவந்த இழையாகி அடங்கியது. பல்பைக் கழற்றிவிட்டு நேராகச் சொருகி, சாக்ஸ் அடைத்த ஸ்பீக்கர்களில் மாட்டினேன். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம்.

"ஹம் வருதேப்பா."

"கண்டன்சர் காஞ்சு போயிருக்கும். மாத்திரலாம்" என்று சொல்லிப் பாஸ் குமிழைக் கால் திருகு திருகினேன். மணி ஒன்பது நாற்பது. பத்துக்குள் இன்னும் நாலு பாட்டுக் கேட்கலாம்.